இடது நாண் அசையவில்லை

தைராய்டு ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் கட்டுப் பிரிக்கப் போயிருந்தேன். டாக்டர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். விரல் நுனி மரத்துப் போகிறதா, உதட்டைச் சுற்றிக் குறுகுறு என்று இருக்கிறதா என்று கேட்டார், அது ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. அப்புறம் "குரல் எப்படிம்மா இருக்கு?" என்றார். "நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றேன். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரும் "பழைய மாதிரியேதான் பேசுறா சார்" என்றார். ஃபைலில் 'குரல் இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று நாங்கள் மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் இடது குரல் நாண், அதாவது தொண்டைக்குள் சேர்ந்தும் விலகியும் குரல் எழுப்புகிற இரண்டு மடிப்புகளில் ஒன்று, அசையாமல் கிடந்தது. அது தெரியவருவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று, அதுவும் வேறு ஒரு விஷயத்துக்காக வேறு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகப்போய்த் தெரிந்தது. போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் என்று எனக்குத் தெரிந்தே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் விடாமல் எல்லாரிடமும் வாயால் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் டீச்சர், மூன்றாம் வகுப்பு. கட்டியை முதலில் பார்த்தது என் அத்தைதான். ஆடிப்பெருக்கு அன்று ஆற்றங்கரையில் புது மஞ்சள் கயிறு கட்டிவிடும்போது "என்னடி இது, கழுத்துல உருண்டையா?" என்றார். ஸ்கேன் எடுத்தோம், இடது பக்கம் இரண்டரை சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கட்டி. ஊசி போட்டு எடுத்த பரிசோதனையில் தெளிவாக எதுவும் சொல்ல முடியவில்லை என்றார்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி எடுத்தபோதும் அதே சந்தேகம். சரி, இடது பாதியை மட்டும் எடுத்துவிட்டு முழுசாகப் பரிசோதித்துப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. பள்ளி திறப்பதற்குள் ஆறிவிடும் என்பதால் மே மாதம் முதல் வாரத்தில் செய்துகொண்டேன்.

ஆபரேஷனுக்கு முன் ரத்தம், ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, மயக்க மருந்து டாக்டரிடம் ஒரு சீட்டு என்று எல்லாம் நடந்தது. குரல் நாண் எப்படி இருக்கிறது என்று மட்டும் யாரும் உள்ளே பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட படிவத்தில் 'குரல் மாற்றம் ஏற்படலாம்' என்று ஒரு வரி இருந்தது. அதை நான் படித்தேன். தொண்டை கட்டிக்கொள்ளும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கண் விழித்தபோது தொண்டை கரகரப்பாக இருந்தது, மயக்கத்துக்குக் குழாய் போட்டதால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள், இரண்டு மூன்று நாளில் அது போய்விட்டது. பேச்சு வந்தது. போனில் என் தங்கை "உன் குரல் மாறவே இல்லக்கா" என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் இருந்தன. தண்ணீர் குடித்தால் நாலு மடக்கில் ஒரு மடக்காவது புரையேறியது. காபி, மோர் எல்லாம் அப்படித்தான், சோறு குழம்பு மட்டும் ஒழுங்காக இறங்கியது. தண்ணீர்க் குடத்தை இடுப்புக்குத் தூக்கும்போது மூச்சைப் பிடிக்கவே முடியவில்லை, நெஞ்சுக்குள் இருந்து காற்று தானாகக் கசிந்து வெளியேறுகிற மாதிரி இருந்தது. பேசிக்கொண்டே இருக்கும்போது வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், நடுவில் நிறுத்தி இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்குவேன். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு காரணம் வைத்திருந்தேன். தொண்டைப் புண் ஆறவில்லை, உடம்பில் சத்து இல்லை, வெயில் காலம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் இரண்டே நாளில் மாட்டிக்கொண்டேன். எங்கள் பள்ளியில் வாய்ப்பாடு இன்னும் ராகம் போட்டுத்தான் சொல்வோம். நான் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்லும். ஒன்பதாம் வாய்ப்பாட்டை நான் முன்பெல்லாம் ஒரே மூச்சில் ஏழொன்பது அறுபத்து மூன்று வரைக்கும் இழுப்பேன், பிள்ளைகளுக்கு அது ஒரு வேடிக்கை, யாருக்கு மூச்சு அதிகம் என்று போட்டி போடுவார்கள். அன்று மூவொன்பது இருபத்தேழோடு நின்றுவிட்டது. விளையாட்டு மைதானத்தின் அந்தக் கோடியில் வேப்ப மரத்தடியில் நின்ற பையனைக் கூப்பிட்டேன், குரல் பாதி தூரம்கூடப் போகவில்லை. மதியத்துக்கு மேல் பேச்சே காற்றாகத்தான் வந்தது. முன் பெஞ்சில் இருக்கிற குழந்தை "டீச்சர், கேக்கல டீச்சர்" என்றது. காலையில் எழுந்ததும் குரல் நன்றாக இருக்கும், மாலையில் இருக்காது. பத்தாம் நாள் டாக்டர் பார்த்தது காலை நேரத்து, ஐந்து வார்த்தை பேசிய குரலை.

இதற்கு நடுவில் பயாப்சி ரிசல்ட் வந்துவிட்டது. பாப்பிலரி கார்சினோமா, அதாவது தைராய்டு புற்றுநோயில் அதிகம் பேருக்கு வருகிற, பெரும்பாலும் நன்றாகக் குணமாகிற வகை. கட்டி சுரப்பிக்கு வெளியே வரவில்லை, நெறிக்கட்டிகளுக்குப் பரவியதற்கும் அடையாளம் இல்லை. அந்த இரண்டு நாள் வீட்டில் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை. முதல் ஆஸ்பத்திரியில் "மீதிப் பாதியையும் எடுத்துடலாம், ஜூன் கடைசியிலேயே தேதி கொடுத்துடுறேன்" என்றார்கள். நாங்களும் சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தோம். என் தங்கைதான் அடம்பிடித்து, இன்னோர் இடத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் கழுத்தைக் கொடுக்கக் கூடாது என்று சென்னைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த சர்ஜன் ஒரு மேடம். ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார், ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார், என்னைப் பேசச் சொல்லிக் கேட்டார். பிறகு கேட்டார்: "ரெண்டாவது ஆபரேஷன் பத்தி அப்புறம் பேசலாம் டீச்சர். முதல் ஆபரேஷனுக்கு அப்புறம் வோக்கல் கார்டு அசையுதான்னு பாத்தாங்களா?" நான் ஃபைலைத் திருப்பி 'குரல் இயல்பு' என்ற வரியைக் காட்டினேன். "இது காதால கேட்டது. கண்ணால பாத்தாங்களான்னு கேக்குறேன்" என்றார். அப்போதே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பரிசோதனைக்குப் பயந்துதான் பலர் தட்டிக்கழிக்கிறார்கள் என்பதால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். சாதாரண நாற்காலிதான், படுக்க வேண்டியதில்லை, மயக்கமும் இல்லை. மூக்கில் ஸ்ப்ரே அடித்தார்கள், பிறகு மருந்தில் நனைத்த பஞ்சுத் திரியை ஒரு பக்க மூக்கில் வைத்துப் பத்து நிமிடம் உட்கார வைத்தார்கள். மருந்து தொண்டையில் வழிந்தபோது வேப்பங்கொழுந்தை மென்ற மாதிரி ஒரு கசப்பு, அதற்குப் பின் நாக்கின் அடி, அண்ணம் எல்லாம் மரத்து, எச்சில் விழுங்குகிறேனா இல்லையா என்றே தெரியாத ஒரு நிலை. அந்த உணர்வுதான் கொஞ்சம் பயம் தந்தது, வலி என்று எதுவும் இல்லை. ஸ்கோப் என்பது நூடுல்ஸைவிடக் கொஞ்சம் தடிமனான ஒரு கறுப்புக் குழாய், நுனியில் வெளிச்சமும் கேமராவும். மூக்கு வழியாக உள்ளே நுழையும்போது கண்ணில் நீர் வந்தது, தும்மல் வருகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். "மூக்கால மூச்சு விடுங்கம்மா, தோளைத் தளத்துங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் இறக்கினார்.

திரை எனக்கு எதிரிலேயே இருந்தது. முதலில் ஈரமான இளஞ்சிவப்புக் குகை. அப்புறம் வெற்றிலை நுனி மடங்கின மாதிரி ஒரு மூடி. அதைத் தாண்டியதும் இரண்டு வெள்ளை விளிம்புகள், ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் விரிந்தும், கவிழ்த்துப் போட்ட கவட்டை மாதிரி. இருபது வருடமாக நான் பிழைக்கிற பிழைப்புக்கு ஆதாரமான பொருளை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

"ஈ… சொல்லுங்க" என்றார். சொன்னேன். ஒரு விளிம்பு சட்டென்று நடுவுக்கு வந்தது. மற்றது அப்படியே இருந்தது. "மூக்கை உறிஞ்சுங்க." வந்தது விலகிப் போனது, மற்றது இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி ஈ, மறுபடி உறிஞ்சல், ஒரு இருமல். இரட்டைக் கதவில் ஒரு கதவு மட்டும் திறந்து மூடுகிறது, இன்னொன்றுக்கு யாரோ தாழ் போட்டுவிட்டார்கள். டாக்டர் எதுவும் சொல்வதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் தோளைப் பிடித்தார். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே எடுத்த பிறகு வீடியோவை மெதுவாக ஓட்டிக் காட்டினார். இடது நாண் நடுக்கோட்டுக்கு மிகப் பக்கத்தில் நின்றுவிட்டது, அதனால் வலது நாண் கொஞ்சம் அதிகமாக எட்டி வந்து அதைத் தொட்டுவிடுகிறது, தொடுவதால் குரல் வருகிறது என்றார். முழுசாக மூடாததால்தான் மூச்சு கசிகிறது, தண்ணீர் உள்ளே போகிறது, குடம் தூக்க முடியவில்லை. இத்தனை நாளாக நான் தனித்தனியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்த மூன்றுக்கும் ஒரே காரணம்.

இந்த நாண்களை அசைக்கிற நரம்பு போகிற பாதையைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். மூளையிலிருந்து இறங்குகிற வேகஸ் நரம்பில் கிளம்பி, குரல்வளையைத் தாண்டிக் கீழே நெஞ்சுக்குள் போய்விடுகிறது. இடது பக்கத்தில் இதயத்திலிருந்து வருகிற பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, வலது பக்கத்தில் தோளுக்குப் போகிற தமனியைச் சுற்றிக்கொண்டு, மறுபடி மேலே ஏறி வருகிறது. திரும்பி வருவதால்தான் அதற்கு ரெக்கரன்ட் என்று பெயர். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே பாதைதான், அதன் கழுத்து நீளத்துக்கு இந்த நரம்பு நான்கு மீட்டருக்கும் மேல் ஓடுகிறது. இதை என் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை, கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினேன். அப்படித் திரும்பி ஏறும்போது அந்த நரம்பு தைராய்டின் முதுகை ஒட்டி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் உள்ள பள்ளத்தில் போகிறது. தடிமன் இரண்டு மில்லிமீட்டர் போல. தைராய்டை எடுக்க வேண்டுமென்றால் அதைத் தொடாமல் ஒதுக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நரம்பு அறுபட்டால்தான் நாண் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன், மேடம் இல்லை என்றார். பெரும்பாலும் நரம்பு முழுசாகத்தான் இருக்கும், சுரப்பியை முன்னால் இழுக்கும்போது அதுவும் சேர்ந்து இழுபட்டிருக்கும், அல்லது ரத்தத்தை நிறுத்தப் பயன்படுத்துகிற கருவியின் சூடு பட்டிருக்கும். அப்படிப்பட்டவை வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ தானாகத் திரும்பும். கைதேர்ந்தவர்கள் செய்யும் ஆபரேஷனிலும் இது நடக்கும், நிரந்தரமாக நின்றுபோவது நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு, தற்காலிகமாக நிற்பது அதைவிடப் பல மடங்கு பேருக்கு. அதனால் என் முதல் சர்ஜன் மேல், நரம்பு பாதிக்கப்பட்டதற்காக எனக்குக் கோபம் இல்லை. பார்க்காமல் விட்டதற்காக இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது. ஏனென்றால் அடுத்து நடக்க இருந்தது அப்படி.

வலது பாதியை ஜூன் கடைசியில் எடுக்க நாள் குறித்திருந்தோம் என்று சொன்னேன் அல்லவா. என்னிடம் அசைந்துகொண்டிருந்த ஒரே நாண் அந்தப் பக்கத்து நாண். அந்த நரம்புக்கும் ஒரு இழுப்பு பட்டு, தற்காலிகமாகவேனும் நின்றிருந்தால், இரண்டு நாண்களும் நடுவில் ஒட்டினாற்போல நின்றுவிடும். மூச்சுக் காற்று போய்வருகிற வழியும் அந்த இடைவெளிதான். அப்போது குரல் ஓரளவு நன்றாகவே வரும், மூச்சு வராது. மூச்சை இழுக்கும்போது கீச்சென்று சத்தம் கேட்கும், கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும். இதை மேடம் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினபோது என் தங்கை அழுதுவிட்டாள்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அமைப்பு 2013-ல் தைராய்டு ஆபரேஷனும் குரலும் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. குரல் நன்றாக இருந்தாலும் ஏற்கனவே கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மறுபடி செய்வதற்கு முன் குரல் நாணைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் சரியாக அந்த இடத்தில்தான் இருந்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும், மாறியிருந்தால் நாணைப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. ஜெர்மனியில் அறுவை மருத்துவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லாருக்கும் முன்பும் பின்பும் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்கு ஜெர்மனிக்காரர்கள் சொல்வதுதான் சரி என்று படுகிறது. குரல் மாறியிருந்தால் மட்டும் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டால் என்னைப் போன்றவர்கள் விடுபட்டுப் போகிறோம். முன்பு பார்க்காவிட்டால் இன்னொரு சிக்கலும் உண்டு: சிலருக்குக் கட்டியே நரம்பை அழுத்தி ஒரு நாண் ஏற்கனவே நின்றுபோயிருக்கும், அது அவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, நல்ல பக்கத்தில் கை வைத்துவிடுவார்கள். தலைகீழாகவும் நடக்கும். குரல் கரகரவென்று இருக்கும், பயந்துபோய் ஸ்கோப் போட்டால் இரண்டு நாணும் ஜோராக அசையும், குழாய் போட்ட வீக்கம் மட்டும் இருக்கும்.

கழுத்தில் இந்த நரம்பை அறுத்தால் குரல் போய்விடும் என்பது இன்று நேற்றுத் தெரிந்த விஷயமும் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் இருந்த காலென் என்ற மருத்துவர், கத்திக்கொண்டிருந்த பன்றியின் இந்த நரம்புகளைக் கூட்டத்துக்கு முன்னால் அறுத்துக் காட்டினார், பன்றி துள்ளியது, சத்தம் மட்டும் வரவில்லை. ஆனால் உயிரோடு இருக்கிற மனிதரின் நாண் அசைவதைக் கண்ணால் பார்க்க 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்த்தவர் மருத்துவர் இல்லை, மானுவல் கார்சியா என்ற ஸ்பெயின் நாட்டுப் பாட்டு வாத்தியார். பல் டாக்டர்கள் பயன்படுத்துகிற சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் வெயிலைத் திருப்பி உள்ளே அடித்து, தன் குரல் நாண் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். ஒரு வாத்தியார் பார்த்தார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். நாள் முழுக்கக் குரலை வைத்து வேலை செய்கிறவருக்குத்தானே அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத் தோன்றும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். மேடம் இரண்டாவது ஆபரேஷனை நிறுத்திவைத்தார். என் கட்டியின் அளவுக்கும் வகைக்கும் மீதிப் பாதியை எடுத்தே தீர வேண்டும் என்பதில்லை, ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் வைத்துக் கண்காணித்தாலும் போதும் என்று அவர்கள் குழுவாகப் பேசிச் சொன்னார்கள். இது என் ரிப்போர்ட்டுக்குச் சொன்ன முடிவு, வேறு ஒருவருக்கு வேறு மாதிரி இருக்கும், இதைக் காட்டி யாரும் உங்கள் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.

நாணுக்கு என்ன வைத்தியம் என்றால் முதலில் காத்திருப்பதுதான். நரம்பு திரும்ப ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை அவகாசம் கொடுக்கிறார்கள். புரையேறுவது அதிகமாகி நுரையீரலுக்குத் தண்ணீர் போகிற நிலை என்றால், நின்றுபோன நாணில் ஜெல் மாதிரி ஒரு மருந்தை ஊசியால் செலுத்தி உப்பவைத்து நடுவுக்குத் தள்ளுவார்கள், அது சில மாதம் நிற்கும், அதற்குள் நரம்பு வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் கழுத்து வழியாகக் குருத்தெலும்பில் சின்ன ஜன்னல் வெட்டி ஒரு துண்டை வைத்து நாணை நிரந்தரமாகத் தள்ளிவைக்கிற ஆபரேஷன் இருக்கிறது, ஜப்பானைச் சேர்ந்த இஷிகி என்ற மருத்துவர் 1974-ல் வகைப்படுத்திச் சொன்னது. எனக்கு இரண்டும் தேவைப்படவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள், என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும், ஆனால் அவ்வளவு பொறுமை. தண்ணீர் குடிக்கும்போது அண்ணாந்து குடிக்கவே கூடாது, தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்து சின்ன மடக்காக விழுங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். சொம்பைத் தூக்கி அண்ணாந்தே குடித்துப் பழகிய கைக்கு அது வர ஒரு வாரம் ஆயிற்று, வந்த பிறகு புரையேறுவது பாதிக்கும் மேல் குறைந்தது. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை வைத்துக் குமிழி விட்டுக்கொண்டே ஊ என்று ஓசை எழுப்பும் பயிற்சி, காலை ஐந்து நிமிடம், மாலை ஐந்து நிமிடம். குசுகுசுவென்று பேசாதே, அதற்கு மெல்லச் சாதாரணமாகவே பேசு என்றாள். மூச்சு இழுத்து 'ஆ' என்று எவ்வளவு நேரம் நிறுத்த முடிகிறது என்று போனில் கணக்கெடுக்கச் சொன்னாள். முதல் நாள் ஆறு விநாடி.

வகுப்புக்கு இடுப்பில் மாட்டுகிற சின்ன ஸ்பீக்கரும் மைக்கும் வாங்கினேன். தலைமையாசிரியர் உச்சி வெயிலுக்குப் பிந்தைய இரண்டு பீரியடை வேறு டீச்சரிடம் மாற்றிக் கொடுத்தார், அந்த உதவியை மறக்க மாட்டேன். வாய்ப்பாட்டை முன்னால் நின்று சொல்லும் வேலையை ஒரு பெண் குழந்தை எடுத்துக்கொண்டது. என் ராகத்தை அப்படியே பிடித்துவைத்திருந்தது.

மூன்றாம் மாதம் மறுபடி ஸ்கோப். இடது நாண் 'ஈ' சொல்லும்போது ஒரு துடிப்பு துடித்தது, நகர்ந்தது என்று சொல்ல முடியாது, தூக்கத்தில் விரல் அசைகிற மாதிரி. டாக்டர் மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு "வருது" என்றார். ஐந்தாம் மாதம் போனபோது முதலில் ஸ்கோப் போடாமல் கழுத்தில் ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்தார்கள். வெளியிலிருந்தே நாண் அசைவது தெரிகிறது, மூக்கில் எதுவும் விட வேண்டியதில்லை. பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும், வயதான ஆண்களுக்குக் குரல்வளைக் குருத்தெலும்பு கல் மாதிரி இறுகிவிடுவதால் ஒலி உள்ளே போகாது, தெளிவாக இருக்காது என்றார்கள். ஸ்கோப்புக்கு மிகவும் பயப்படுகிறவர்கள் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம், இதில் சந்தேகம் வந்தால் ஸ்கோப்தான். அன்று எனக்கு இரண்டு பக்கமும் அசைவதாகத் தெரிந்தது, உறுதி செய்ய ஸ்கோப்பும் போட்டார்கள். ஜூன் மாத வீடியோவையும் அன்றைய வீடியோவையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். வலதும் இடதும் சேர்ந்து வந்து நடுவில் தொட்டன. இடது கொஞ்சம் சோம்பலாக, அரை விநாடி பிந்தி. தொட்டது. அன்று வீட்டுக்கு வந்து கணக்கெடுத்ததில் 'ஆ' பதினான்கு விநாடி நின்றது. வாய்ப்பாட்டில் ஆறொன்பது ஐம்பத்து நான்கு வரைக்கும் போகிறேன், ஏழாவது வரி இன்னும் வரவில்லை.

டாக்டரிடம் எதைக் கேட்பது என்று எனக்கு அப்போது தெரிந்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே கேட்டிருப்பேன்: குரல் நாணை இப்போது ஒருமுறை பார்த்துப் பதிவு செய்துவைப்பீர்களா, முடிந்த பிறகு எப்போது பார்ப்பீர்கள், ஆபரேஷன் நடக்கும்போது நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கிற மானிட்டர் உங்களிடம் இருக்கிறதா. கேட்டால் கோபப்படுவார்களோ என்று நமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. சென்னையில் அந்த மேடத்திடம் கேட்டபோது அவர் சந்தோஷமாக உட்கார்ந்து பதில் சொன்னார். ஆபரேஷன் முடிந்தவர்கள் வீட்டிலேயே கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. தண்ணீர் புரையேறுகிறதா, சாயங்காலத்தில் குரல் என்ன ஆகிறது, பேசும்போது மூச்சு தீர்கிறதா, கனமானதைத் தூக்க முடிகிறதா. டாக்டர் "குரல் எப்படி இருக்கு" என்று கேட்டால் நல்லா இருக்கு என்று மட்டும் சொல்லாமல் இதையெல்லாம் சொல்லுங்கள். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் நாத்தனாருக்கு வருகிற மாதம் தைராய்டு ஆபரேஷன், இரண்டு பக்கமும். முன்னால் ஸ்கோப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று நானே அவளுடைய டாக்டரிடம் போனில் கேட்டேன், அவர் மறுக்கவில்லை, நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். "மூக்குல ஓட்டையப் போட்டுருவாங்களா அண்ணி?" என்று நேற்று ராத்திரி மூன்றாம் முறையாகக் கேட்டாள். என் போனில் இருக்கிற வீடியோவைக் காட்டினேன், இது திறக்கிறது பார், இது மூடுகிறது பார் என்று. காலை ஏழே முக்கால் பஸ். ஏழு மணிக்குள் இரண்டு இட்லி சாப்பிட்டுவிடச் சொல்லியிருக்கிறேன், முடிந்த பிறகு மரப்பு போகிற வரைக்கும் ஒரு மணி நேரம் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டார்கள்.